சங்கு குளிக்கிறவர் பேரனுக்குப் பனி என்ன செய்யும்? (பனிச்சரிவு பற்றிய விவாத இழை)

டிசம்பர் 8, இரவு 10.40. மண்டபத்துத் தம்பி ஒருவர் கேட்டது:

"ஜனவரி கடைசியில் நாங்கள் நாலு பேர் உத்தராகண்ட் போகிறோம். ஒரு குழுவோடு சேர்ந்து கேதார்கந்தா ஏறிவிட்டு, அப்புறம் நாங்களே தனியாக ஹர் கி தூன் பள்ளத்தாக்குப் பக்கம் நடப்பதாகத் திட்டம். வீட்டில் பனிச்சரிவு, பனிச்சரிவு என்று ஒரே புலம்பல். எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். நானும் பெரியபட்டினம் கடலில் மூச்சடக்கிப் பழகியவன். பனி வந்து மூடினால் நீச்சல் அடிக்கிற மாதிரி கையைக் காலை அடித்து மேலே வந்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மலையில் சத்தம் போடாமல் நடந்தால் போதும்தானே? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

டிசம்பர் 9, காலை 6.15

தம்பி, நான் பட்டாளத்தில் இருந்தவன். வடக்குக் காஷ்மீரில் குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். இப்போது தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐஸ் என்னை விட்டபாடில்லை.

சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். கத்தி யாரும் பனியைச் சரித்ததில்லை. மனிதக் குரலுக்கு அந்த அழுத்தம் கிடையாது. வெடி வைத்தால் சரியும், பல நாடுகளில் வேண்டுமென்றே அப்படிச் சரித்தும் விடுகிறார்கள். ஆனால் நடந்து போகிறவர்களைப் பொறுத்தவரை பனியைக் கிளப்பிவிடுவது உடம்பின் எடைதான். பொழுதுபோக்காக மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் செத்தவர்களின் விபத்துகளை எடுத்துப் பார்த்தால், பத்தில் ஒன்பதில் அதைக் கிளப்பியது செத்தவரேதான், அல்லது அவர்கூட வந்தவர்.

மூச்சு விஷயம் ராத்திரி எழுதுகிறேன். இன்றைக்குக் கடலுக்குப் போகிற நாள், படகுகளுக்கு ஐஸ் பார் ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 9, இரவு 9.50

சங்கு குளிக்கிறவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார். எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது இரண்டும் அவர் கையில். பனி உருட்டிக்கொண்டு போகும்போது அந்த வசதி இல்லை. வாயிலும் மூக்கிலும் தூள் அடைக்கும். இருக்கிற காற்றும் உடம்பில் விழும் அடியில் வெளியே போய்விடும். அப்புறம் ஓடிக்கொண்டிருந்த பனி நிற்கும். நின்ற நொடியில் இறுகும். இதைத்தான் வீடியோவில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. சரிந்து வந்து நின்ற பனியில் ஒரு கன மீட்டரின் எடை 300 முதல் 500 கிலோ. அதற்குள் கிடப்பவனால் விரலை அசைக்க முடியாது, நெஞ்சை விரிக்கவும் இடமில்லை. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். அந்த மூச்சின் சூட்டில் முகத்தைச் சுற்றியுள்ள பனி லேசாக உருகி மறுபடி உறைந்து, ஒரு ஐஸ் ஓடாகிவிடும். அதன் வழியே காற்று புகாது. செத்தவர்களில் பெரும்பாலோர் மூச்சடைத்துப் போனவர்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் பாறையிலும் மரத்திலும் மோதியே போய்விடுகிறார், அவருக்கு மூச்சடக்கும் வித்தை எதற்கு?

நேரக் கணக்கு: முழுசாகப் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் பத்தில் மூன்று பேர். 1994-இல் வெளியான இந்தக் கணக்கைத்தான் எங்கள் காலத்தில் எல்லோரும் சொல்வோம்.

நீச்சல்: பனி ஓடிக்கொண்டிருக்கும்போது போராடுவதில் பலன் உண்டா என்று அந்தத் துறைக்காரர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒன்று உறுதி. ஓட்டம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூக்கு வாய்க்கு முன் கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கையை அகல விரித்து நீச்சல் அடித்துக்கொண்டே நின்றுபோனால் அந்தக் கை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

டிசம்பர் 10, காலை 7.05

கீழக்கரைக் காக்கா ஒருவர் கேட்கிறார்: "சியாச்சினில் ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தாரே, நீங்கள் 35 நிமிடம் என்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. 2016 பிப்ரவரி 3, சோனம் காவல்நிலை, ஏறக்குறைய 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாடு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கூடாரத்தோடு புதைந்ததால் அவரைச் சுற்றிக் காற்று இருக்க இடம் கிடைத்தது என்று அப்போது சொன்னார்கள். கணக்கில் வராத ஆள் அவர். அவரை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போடக் கூடாது.

2025 பிப்ரவரி 28-இல் பத்ரிநாத்துக்கு மேலே மானாவில் சாலைத் தொழிலாளர் முகாம்மேல் விழுந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எட்டுப் பேர் இறந்தார்கள், 46 பேரை மீட்டார்கள். அத்தனை பேர் பிழைத்ததற்குக் காரணம் அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். உள்ளே காற்று இருந்தது. உங்கள் முதுகில் கன்டெய்னர் இருக்காது.

டிசம்பர் 10, இரவு 10.20

நேற்றைய நேரக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 2024-இல் சுவிட்சர்லாந்து விபத்துகளை நாற்பது வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் அந்த முதல் கட்டம் பத்து நிமிடம்தான். அரை மணி நேரத்துக்குள் அது பத்தில் மூன்றாகிவிடுகிறது. எனவே கால் மணி நேரம் என்று மனதில் போட்டு வைத்திருப்பவர்கள் அதிலிருந்து ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்தில் எந்த அரசாங்கம் வரும்? மாநிலப் பேரிடர்ப் படையோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையோ வந்து சேர மணிக்கணக்காகும். நம்மைத் தோண்டி எடுக்கப்போவது கூட நடக்கிறவன்தான்.

டிசம்பர் 12, மாலை 5.30

சரி, எங்கே சரியும்? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சரிவின் கோணம். ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில் கிளம்புகின்றன, அதிகமானவை 38-ஐ ஒட்டி. முப்பதுக்குக் கீழே கிளம்புவது அரிது. ரொம்பச் செங்குத்தானால் பனி தங்காது, விழ விழ உதிர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், நடக்கவும் சறுக்கவும் நன்றாக இருப்பதும் இந்த 35, 40 டிகிரிச் சரிவுகள்தான்.

கண்ணால் கோணம் பார்ப்பது நம் ஊர்க்காரருக்கு வராது. நம் மாவட்டத்தில் சரிவு என்றால் கண்மாய்க் கரை. ராமேஸ்வரத்தில் இருக்கிற ஒரே பர்வதம் கந்தமாதன பர்வதம், அதுவும் மணல்மேடு. செல்போனில் சாய்வுமானி ஆப் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி மணல்மேட்டின் சரிந்த பக்கத்தில் கைத்தடியைச் சாய்த்து, அதன்மேல் போனை வைத்து அளந்து பழகுங்கள். காய்ந்த மணல் தானாகச் சரிந்து நிற்கிற கோணம் 33, 34 இருக்கும். அது கண்ணுக்குப் பழகிவிட்டால் மலையில் "இது அதைவிடச் செங்குத்து" என்றாவது சொல்ல முடியும்.

முக்கியமான ஒன்று. நீங்கள் நிற்கிற இடம் சமதளமாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே 38 டிகிரி தொங்கிக்கொண்டிருந்தால் அதன் காலடியில்தான் நிற்கிறீர்கள். பனி வலுவிழந்து கிடந்தால் கீழே நடந்து போகிறவனின் எடையே மேலே விரிசலைக் கிளப்பும். ஹர் கி தூன் பாதை பள்ளத்தாக்கின் அடி வழியாகப் போவது. குளிர்காலத்தில் அதை ஏன் தனியாகப் போக வேண்டாம் என்கிறேன் என்பதற்கு இது ஒரு காரணம். கேதார்கந்தா பெரும்பாலும் காடும் மலைமுதுகும். கூட்டமும் இருக்கும், வழிகாட்டியும் இருப்பார். அதற்கும் இதற்கும் ஒரே தைரியம் போதாது.

டிசம்பர் 12, இரவு 11.10

தொண்டி டீச்சரம்மா கேட்டது: "பனி பனிமேல்தானே இருக்கிறது, எதன்மேல் வழுக்குகிறது?"

வாலிநோக்கம் உப்பளத்தில், தூறல் விழுந்து காய்ந்த உப்பு அம்பாரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஓடு கட்டியிருக்கும், கையை விட்டால் உள்ளே பொலபொலவென்று உதிரும். மலையில் கிடக்கிற பனியும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய சுழியம் டிகிரியில் இருக்கும். மேல்பரப்பு வானம் தெளிந்த இரவில் மைனஸ் இருபதுக்குப் போகும். பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உள்ளே ஈரம் ஆவியாகி மேலே ஏறி, பனித்துகள்கள் ஒன்றையொன்று பிடிக்காத பட்டை பட்டையான பரல்களாக மாறுகின்றன. பனி மெல்லிசாகக் கிடந்து குளிர் கடுமையாக இருந்தால் இது வேகமாக நடக்கும். டிசம்பரில் கொஞ்சம் விழுந்து, அப்புறம் வாரக்கணக்கில் வெயிலும் குளிருமாகக் கிடக்கிற உயர்ந்த இமயத்தில் இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

அந்தப் பரல்மேல் ஜனவரியில் இரண்டு மூன்று அடி புதுப்பனி விழுந்து, காற்று அதை அடித்து இறுக்கி ஒரு பலகையாக்கிவிடும். ஒருவன் கால் வைக்கிறான். அடியில் பரல் நொறுங்குகிறது. நொறுங்குவது ஓர் இடத்தோடு நிற்காமல் சரிவு முழுக்க ஓடுகிறது. மேலே கோடு போட்ட மாதிரி விரிசல் விழுந்து பலகை மொத்தமாக இறங்குகிறது. அவன் நிற்பது பலகையின் நடுவில்.

நமக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில். அங்கே குளிர்காலப் பனி, மேற்கே மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழல்களில். ஒரு சுழல் கடந்து போன அடுத்த நாள் வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருக்கும். போட்டோ எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பனி விழுந்து முதல் ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசம் என்பதால் எனக்கு அந்த நீலத்தைக் கண்டாலே எரிச்சல்.

டிசம்பர் 13, காலை 6.40

பாம்பன்காரர்: "நம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதுபோல அங்கே உண்டா?"

உண்டு. முன்பு மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது, 1969-இல் தொடங்கியது. 2020-இல் அதை வேறொரு ராணுவ ஆய்வகத்தோடு சேர்த்து டிஜிஆர்இ என்று பெயர் மாற்றினார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் வருவது, தலைமையிடம் சண்டிகர். குளிர்காலத்தில் காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை தருகிறார்கள். இந்த மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் இந்த அளவு ஆபத்து என்று வரும்.

அளவு ஒன்று முதல் ஐந்து வரை. இங்கேதான் ஒரு சிக்கல். நம் கூண்டு பதினொன்று வரை போகும், அதனால் மூன்றாம் எண் ஏறினால் பாம்பனில் டீக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த மனசோடு மலைக்குப் போய் "மூன்றுதானே" என்றால் தீர்ந்தது. ஐந்தில் மூன்று என்பது ஒரே ஓர் ஆள் கால் வைத்தாலே சரியக்கூடும் என்ற நிலை. ஐரோப்பாவில் பனிச்சரிவில் சாகிறவர்களில் பெரும்பங்கு மூன்றாம் அளவு அறிவித்த நாட்களில்தான் சாகிறார்கள். நாலும் ஐந்தும் அறிவித்தால் ஆட்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் துணிந்து கிளம்புகிறார்கள்.

இன்னொரு வித்தியாசம். இங்கே மீன்வளத்துறை டோக்கன் தரவில்லை என்றால் விசைப்படகு கிளம்பாது. மலையில் வனத்துறைச் சீட்டு வாங்க வேண்டும், வாங்கலாம். அதில் நீங்கள் கடக்கப்போகிற சரிவைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

டிசம்பர் 15, இரவு 9.30

"அனுபவம் உள்ள லோக்கல் ஆள் கூட இருந்தால் போதாதா?" என்று ராமேஸ்வரம் டிராவல்ஸ் நண்பர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டாலியனில் ஒரு சுபேதார் சாப் இருந்தார், கர்வாலி, உத்தராகண்ட் மலைக்காரர். விடியலுக்கு முன்பே ரோந்து கிளப்பிவிடுவார், வெயில் ஏறினால் பனி இளகும் என்று. ஒரு நாள் நாங்கள் ஒரு நாலாவை, அதாவது மலை ஓடைப் பள்ளத்தை, குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் பக்கம் போஸ்ட். முதல் ஆள் சரிவின் ஓரத்தில் கால் வைத்ததும் காலுக்கு அடியில் "வும்ப்" என்று ஒரு சத்தம். பூமி ஒரு அங்குலம் இறங்கின மாதிரி இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். அடியில் பரல் நொறுங்கும் சத்தம் அது. சாப் ஒன்றுமே சொல்லவில்லை, கையால் திரும்பு என்றார். நாங்கள் மலைமுதுகைச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் ஆகிவிட்டது போஸ்ட் போய்ச் சேர. வழியெல்லாம் பையன்கள் முணுமுணுப்பு.

அந்தச் சரிவு அன்றைக்குச் சரியவில்லை. அடுத்த நாளும் சரியவில்லை. வசந்தம் வரைக்கும் அப்படியே கிடந்து உருகிப் போனது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கடைசியில் மலை இடிந்து விழும் என்று எதிர்பார்க்கிறார்கள். விழவில்லை. அப்படியானால் சாப் செய்தது வீணா? எனக்கு வருடக்கணக்காக இதில் மனக்குழப்பம் இருந்தது. இப்போது எனக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். வும்ப் கேட்ட சரிவுகளில் எத்தனை சரியும் என்று அவருக்கும் தெரியாது. சில சரியும். எது என்று தெரியாதபோது ஒன்றில்கூடக் கால் வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. சரியாத சரிவைப் பார்த்துக் கடந்திருக்கலாமே என்று நினைக்கிறவன், அடுத்த சரிவையும் கடப்பான்.

மலையில் அனுபவத்தின் சிக்கல் இதுதான். தப்பான சரிவை ஒருவன் பத்துத் தடவை கடந்து பத்துத் தடவையும் பிழைத்துவிடலாம். அவனுக்கு அது பத்து வருட அனுபவம். பனி அவனிடம் "நீ செய்தது தப்பு" என்று ஒரு தடவைகூடச் சொல்லியிருக்காது. லோக்கல் ஆள் என்பதால் மட்டும் நம்பாதீர்கள். அவர் எத்தனை தடவை போயிருக்கிறார் என்று கேட்பதைவிட எத்தனை தடவை பாதியில் திரும்பியிருக்கிறார் என்று கேளுங்கள். "திரும்பியதே இல்லை சார்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆள் பாருங்கள்.

டிசம்பர் 16, காலை 7.20

தங்கச்சிமடம் படகுக்காரர் ஒருவர் நேற்றைய குறிப்புக்கு மறுப்பு: "கடலும் அப்படித்தான் அண்ணே. மோசமான நாளில் போய்த் திரும்பி வந்தவன்தான் அடுத்த மோசமான நாளிலும் போகிறான். டீசலும் ஐஸும் ஏற்றிவிட்டால் யாருக்கும் இறக்க மனசு வராது."

ஒத்துக்கொள்கிறேன், பாதி. கடல் முன்கூட்டியே கொஞ்சம் அடித்துக் காட்டும். வாடைக்காற்று ஏறினால் அலையே சொல்லும், உடம்பு பயப்படும். பனி அப்படிப் பயமுறுத்தாமல் வெள்ளையாகச் சும்மா கிடக்கும். ஆனால் டீசல் விஷயம் அப்படியே பொருந்துகிறது. இயன் மெக்கமன் என்கிற அமெரிக்கர் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, ஆட்கள் எந்த மனநிலையில் தப்பு முடிவு எடுக்கிறார்கள் என்று பார்த்தார். பழகின இடம், முன்பே போட்டுவிட்ட திட்டம், கூட இருப்பவர்களிடம் பெயர் வாங்கும் ஆசை, தலைவன்மேல் கண்மூடி நம்பிக்கை, முன்னால் போன கால்தடம் என்று அந்த வரிசை போகிறது. சென்னையில் லீவு வாங்கி விமான டிக்கெட் போட்டவனுக்கு இரண்டாவது போதும்.

டிசம்பர் 16, மதியம் 1.15

கால்தடம் பற்றி ஒரு வரி. முன்னால் ஆள் போயிருக்கிறான் என்பதற்கு அவன் போனான் என்பது மட்டுமே பொருள். பலகையின் மெல்லிசான இடத்தில் ஐந்தாவது ஆள் கால் வைத்துச் சரிந்ததெல்லாம் உண்டு.

டிசம்பர் 18, இரவு 10.05

கருவி பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். மூன்று வேண்டும், ஒவ்வொருவரிடமும்: பீக்கன் என்கிற டிரான்ஸீவர் (சிக்னல் அனுப்பவும் தேடவும் செய்கிற சின்ன ரேடியோ), புதைந்தவரைக் குத்தித் தேட மடக்கிய புரோப் கம்பி, உலோக மண்வாரி. ஒருவரிடம் பீக்கன் இருந்து மற்றவரிடம் இல்லை என்றால் இல்லாதவர் புதைந்தால் அவரைத் தேட வழியில்லை. இருக்கிறவர் புதைந்தால் அவரைத் தேட மற்றவர் கையில் கருவியில்லை.

படகில் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வைத்திருப்பவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். "செயற்கைக்கோள் வழியாக யாருக்காவது தகவல் போகுமா?" போகாது. 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சுமார் ஐம்பது மீட்டருக்குள் இன்னொரு பீக்கன் தேடும் நிலையில் இருந்தால் அதற்குக் கேட்கும். எங்கள் காலத்தில் ஏவிடி என்போம். அதற்கும் முன்னே சிவப்புக் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள், ஆள் புதைந்தாலும் கயிறு மேலே தெரியும் என்று நம்பிக்கை. சில நேரம் தெரியும்.

செல்போன் பீக்கனைக் குழப்பும். அனுப்பும் நிலையில் இருபது சென்டிமீட்டர், தேடும்போது ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒரே நெஞ்சுப் பையில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பையும் இருக்கிறது. இழுத்தால் உப்பும். உருண்டு வரும் கூட்டத்தில் பெரிய உருப்படி மேலே ஏறும் என்கிற விதியில் வேலை செய்வது. சாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். பாறையில் அடித்தால் காப்பாற்றாது. விலையைக் கேட்டால் நம்மூரில் ஒரு பழைய பைக் வாங்கலாம்.

தோண்டுவது பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பீக்கன் ஒரு மீட்டர் ஆழம் என்று காட்டும். புரோப் குத்தி, ஆள் தட்டுப்பட்டதும் கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விட வேண்டும். ஆளுக்கு நேர் மேலே நின்று தோண்டக் கூடாது, அவருக்குக் கிடைத்திருக்கும் கொஞ்சக் காற்றிடத்தையும் மிதித்து நசுக்கிவிடுவீர்கள். சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும். பனி இறுகிக் கிடப்பதால் வெட்டி வெட்டித்தான் எடுக்க முடியும், கையால் ஒன்றும் ஆகாது. முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இருப்பவர் வாரித் தள்ள, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நாலு பேர் குழுவில் ஒருவர் உள்ளே போனால் மூன்று பேர். அதில் ஒருவர் அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேர். தம்பி, உங்கள் நாலு பேர் திட்டத்தை இதற்குள் வைத்துப் பாருங்கள்.

டிசம்பர் 19, காலை 6.55

கருவாடு எடுத்துப் போகலாமா என்று ஒரு கேள்வி. போகலாம். நெத்திலி போஸ்ட்டில் எங்களுக்கு அமிர்தம். ஆனால் பஞ்சாபிப் பையன்களோடு ஒரே பங்கரில் வறுக்காதீர்கள், சரிவைவிட ஆபத்து.

டிசம்பர் 21, இரவு 9.15

நடக்கும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அரைகுறையாகிவிடும்.

சந்தேகமுள்ள சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் ஒருவராக. ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பனி வந்தால் அவரைக் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தோம் என்பதிலிருந்துதான் தேடல் தொடங்கும். கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். கீழே பள்ளமா, ஓடையா, பாறையா என்று முதலில் பாருங்கள். சின்னச் சரிவுகூட ஒடுங்கிய பள்ளத்துக்குள் தள்ளினால் ஆழமாகப் புதைத்துவிடும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கச் சரிவில் பனி அள்ளிக்கொண்டு வந்து குவிந்திருக்கும், அங்கே போகாதீர்கள். மலைமுதுகின் விளிம்பில் காற்று கட்டிய கூரைமாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, கீழே ஒன்றும் இருக்காது.

இதில் ஏதாவது கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள்: பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், வும்ப் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல், முந்தின நாள் கனத்த பனிப்பொழிவு, திடீரென்று ஏறும் சூடு.

டிசம்பர் 22, காலை 7.30

"இவ்வளவும் தெரிந்தவர்கள் சாவதே இல்லையா?"

2022 அக்டோபர் 4, திரௌபதி கா டண்டா இரண்டாவது சிகரம், உயரம் 5,670 மீட்டர். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பலகை உடைந்தது. 29 பேர் திரும்பவில்லை. எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். நாட்டில் இதைச் சொல்லித் தருகிற முதல் வரிசை நிறுவனம் அது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் நான் மேலே எழுதியதெல்லாம் தெரியும்.

சாலையில் நிற்கிற சுற்றுலாப் பயணிக்கும் நடக்கும். 2023 ஏப்ரல் 4, சிக்கிமில் நாதுலா போகும் வழியில் பதினைந்தாவது மைல் அருகே, வண்டியை விட்டு இறங்கி நின்றவர்கள்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏப்ரல் மாதம், வெயில் காலம் தொடங்கிவிட்டது என்று நாம் நினைக்கிற மாதம். வசந்தத்தில் விழுவது பெரும்பாலும் ஈரப்பனி, மெதுவாக வரும், கனம் அதிகம்.

டிசம்பர் 27, இரவு 10.45

மண்டபத்துத் தம்பி எழுதியிருக்கிறார். கேதார்கந்தா குழுவோடு உறுதியாம். ஹர் கி தூன் பற்றி நாலு பேரில் இருவர் வேண்டாம், இருவர் போகலாம் என்கிறார்களாம். "நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்" என்கிறார்.

நான் சொல்ல மாட்டேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலே திரும்புவது, காரணம் கேட்டுச் சண்டை போடக் கூடாது என்று கிளம்பும் முன்பே நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் ஓரத்தில் நின்று ஓட்டெடுப்பு நடத்தினால் சத்தமாகப் பேசுகிறவன்தான் ஜெயிப்பான். இந்தப் பேச்சுக்கே இருவர் ஒத்துவரவில்லை என்றால் அவர்களோடு போக வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம்.

உண்மையிலேயே தனியாகப் போக ஆசையிருந்தால் முதலில் அடிப்படை மலையேற்றப் படிப்பு ஒன்று முடியுங்கள். உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் நாலு இடத்திலும் நடக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதம். இடத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், நெருக்கத்தில் கிடைக்காது.

ஜனவரி 3, காலை 6.30

பீக்கன் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு. ஆல்கலைன் பேட்டரி போடுங்கள், கருவியின் கையேடு வேறு சொன்னால் ஒழிய ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். அது தீரும்போது அளவு காட்டாமல் சட்டென்று படுத்துவிடும். வாங்கின இடத்திலேயே திறந்து, பழைய பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு ஒரு கடையில் அப்படி இரண்டு கொடுத்திருந்தார்கள். காலையில் கிளம்பும்போது ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். எல்லோருடையதும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரும் அனுப்பும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். உடம்போடு சட்டைக்கு உள்ளே கட்டுங்கள், முதுகுப்பையில் போடாதீர்கள். பையைப் பனி பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் எல்லோரும் பையைத்தான் தோண்டுவார்கள்.